மே மாதம் விதைத்தாலும் ஆகஸ்ட் கடைசியில்தான் பூக்கும்: வடக்கே ஹெம்ப் விதைச் சாகுபடி

கேள்வி: ஐயா, எனக்குச் சொந்த ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். கனடாவில், சஸ்காட்சுவன் மாகாணம் பிரின்ஸ் ஆல்பர்ட் அருகே குத்தகை நிலத்தில் கோதுமையும் கனோலா என்ற எண்ணெய் வித்தும் செய்கிறேன். இந்த வருஷம் உரிமம் வாங்கி, விதைக்காக 20 ஏக்கரில் ஹெம்ப் (போதை தராத கஞ்சா வகை) போட்டேன். நார், விதை இரண்டும் தரும் என்று சொல்லி ஓர் ஐரோப்பிய ரகம் கொடுத்தார்கள். ஜூன் 5 விதைப்பு. செடி எட்டடி வளர்ந்தது, ஆனால் ஆகஸ்ட் கடைசி வரை பூவே இல்லை. செப்டம்பர் 14 அன்று மைனஸ் 5 டிகிரி உறைபனி. விதை பால்கூடப் பிடிக்காமல் எல்லாம் கருகிவிட்டது. அடுத்த வருஷம் மே முதல் வாரமே விதைத்தால் தப்பிக்க முடியுமா?

பதில்: தம்பி, 20 ஏக்கர் கண் முன்னால் கருகுவதைப் பார்ப்பது சின்ன விஷயமில்லை. அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். அதே ரகத்தை மே முதல் வாரம் விதைத்தாலும் ஆகஸ்ட் கடைசியில்தான் பூக்கும். செடி எட்டடிக்குப் பதில் பத்தடி இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். நீங்கள் மாற்ற வேண்டியது முதலில் ரகத்தை, தேதியை அல்ல.

காரணம் உங்கள் ஊர் வயலிலேயே இருக்கிறது. பழைய நீண்டகாலச் சம்பா ரகங்களை முன்னே பின்னே விதைத்தாலும் பகல் சுருங்கும் காலத்தில்தானே கதிர் வரும்? குறுவைக்குப் போடும் ஏ.டி.டி. 36 அப்படியில்லை. எப்போது விதைத்தாலும் நாள் கணக்கு வைத்து, ஏறக்குறைய 110 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். ஹெம்பிலும் இதே இரண்டு குணம் உண்டு. உங்களுக்குக் கிடைத்தது சம்பா குணமுள்ள ரகம். வேண்டியது குறுவை குணமுள்ளது.

சம்பா குணமுள்ள ஹெம்ப் இரவின் நீளத்தை அளந்துதான் பூக்கிறது. பெரும்பாலான ஐரோப்பிய நார் ரகங்கள், பகல் 14 மணி நேரம் அளவுக்குக் குறைந்த பிறகே பூப்பில் முழுமையாக இறங்கும். தஞ்சைப் பக்கம் வருஷத்தின் மிக நீண்ட பகலே பன்னிரண்டே முக்கால் மணி நேரம்தான். பிரின்ஸ் ஆல்பர்ட்டில் ஜூன் 21 அன்று பகல் ஏறக்குறைய 17 மணி நேரம். அது 14 மணி நேரத்துக்கு இறங்கவே ஆகஸ்ட் கடைசி வாரம் ஆகிவிடும். அங்கிருந்து பூத்து, மகரந்தம் சேர்ந்து, விதை முற்ற இன்னும் ஐந்தாறு வாரம் வேண்டும். உறைபனியோ செப்டம்பர் முதல் பாதியிலேயே வந்துவிடுகிறது. உங்கள் உழைப்பில் குறை இல்லை. அந்த ரகத்துக்கு அந்த ஊரில் விதை பிடிக்க நாளே இல்லை.

பகல் நீளத்தைக் கண்டுகொள்ளாத ரகங்களில் முதலில் சொல்ல வேண்டியது ஃபினோலா. 1990-களில் ஃபின்லாந்தில் உருவாக்கியது. வட ரஷ்யாவின் நாட்டு வகைகளிலிருந்து வந்ததால் நீண்ட பகலிலும் தானாகப் பூத்துவிடும். விதைத்து ஒரு மாதத்திலேயே பூ மொட்டு தெரியும். உயரம் நான்கைந்து அடி, அறுவடைக்கு 100 முதல் 110 நாள். கனடாப் புல்வெளி மாகாணங்களுக்கென்றே வளர்த்தெடுத்த சி.எஃப்.எக்ஸ்-2, கட்டானி, எக்ஸ்-59 போன்றவையும் விதைக்கு ஏற்ற குறுகிய கால ரகங்கள். எக்ஸ்-59 கொஞ்சம் உயரம் போகும். கம்பைன் (அறுவடை இயந்திரம்) ஓட்டுவதை நினைத்துப் பார்த்தால் முதல் தடவை குட்டை ரகமே நல்லது என்பது என் எண்ணம். எதை எடுத்தாலும் ஹெல்த் கனடா (மத்திய அரசின் சுகாதாரத் துறை) அங்கீகரித்த ரகப் பட்டியலில் அந்த வருஷம் அது இருக்கிறதா என்று பார்த்து, சான்று விதையாகவே வாங்குங்கள். ஊரில் போல அறுத்ததில் கொஞ்சம் எடுத்து வைத்து மறு வருஷம் விதைக்கிற வழக்கம் இதில் கூடாது. பூவிலும் இலையிலும் போதை தரும் பொருளான டி.எச்.சி. 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதுதான் சட்டம், அந்த உத்தரவாதம் சான்று விதைக்குத்தான் உண்டு.

சரி, ரகத்தை மாற்றிவிட்டீர்கள். இப்போதுதான் விதைப்புத் தேதி பற்றிய உங்கள் கேள்விக்கு அர்த்தம் வருகிறது. நாள் கணக்கில் ஓடும் ரகத்துக்கு ஒவ்வொரு வாரமும் காசு. மே 25-ல் விதைத்தால் 105-ஆவது நாள் செப்டம்பர் 7. ஜூன் 5-ல் விதைத்தால் செப்டம்பர் 18. அந்தப் பதினோரு நாள்தான் உங்கள் பகுதியில் லாபத்துக்கும் நட்டத்துக்கும் நடுவில் நிற்கிறது.

அதற்காக மே முதல் வாரமே இறங்கிவிடாதீர்கள். இளம் ஹெம்ப் நாற்று லேசான உறைபனியைத் தாங்கிவிடும். அதைக் கொல்வது குளிர்ந்த ஈர மண். மண் வெப்பம் 8 முதல் 10 டிகிரிக்கு வராமல் விதை போட்டால், முளைக்கத் தயங்கியே பாதி அழுகும், மீதியைக் களை மூடிவிடும். இந்தப் பயிருக்கு அனுமதியுள்ள களைக்கொல்லி மிகக் குறைவு. அதிலும் அகன்ற இலைக் களைக்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. எனவே வேகமாக ஒருசேர முளைத்து நிலத்தை மூடுவதுதான் உங்கள் களைக்கொல்லி. காலையில் மண்ணில் வெப்பமானியைக் குத்திப் பாருங்கள். மூன்று நாள் தொடர்ந்து 8-க்கு மேல் இருந்து, வானிலையும் வெதுவெதுப்பாகத் தெரிந்தால் விதையுங்கள். பெரும்பாலும் அது மே மூன்றாம், நான்காம் வாரமாக இருக்கும்.

ஆழம் அரை அங்குலம், மிஞ்சினால் முக்கால். ஏக்கருக்கு 25 முதல் 30 பவுண்டு விதை. முளைத்ததில் கணிசமான பகுதி சாகும் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று வாரம் தண்ணீர் தேங்கினால் மஞ்சளாகி நின்றுவிடும், பிறகு தேறாது. பள்ளமான துண்டுகளை ஹெம்புக்குக் கொடுக்காதீர்கள். தழைச்சத்து இதற்கு நிறையப் பிடிக்கும். மண்ணில் உள்ளதையும் சேர்த்து ஏக்கருக்கு 100 பவுண்டு அளவில் திட்டமிடலாம். ஆனால் உரத்தை விதையோடு ஒட்டிப் போடாதீர்கள், முளை கருகும்.

கனோலா செய்கிறீர்கள் என்றதால் இதையும் சொல்ல வேண்டும். கனோலாவைத் தாக்கும் அதே வெள்ளைப் பூஞ்சைத் தண்டழுகல் ஹெம்பையும் தாக்கும். கனோலா அறுத்த நிலத்தில் ஹெம்ப் போடாமல் கோதுமை அறுத்த நிலத்தில் போடுங்கள்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் வயலில் ஏறக்குறைய பாதிச் செடி வாடிக் காய்வதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அவை ஆண் செடிகள். மகரந்தம் கொட்டி முடிந்ததும் சாவது அவற்றின் இயல்பு. விதை தருவது பெண் செடிதான்.

இனி அறுவடை. இதில்தான் முதல் வருஷக்காரர்கள் அதிகம் இழக்கிறார்கள். பூக்கொத்தின் கீழ்ப்பகுதி விதை முதலில் முற்றும், நுனி பச்சையாகவே இருக்கும். எல்லாம் காயட்டும் என்று காத்திருந்தால் கீழே முற்றிய நல்ல விதை உதிர்ந்தும் பறவைக்குப் போயும் தீரும். தண்டின் நாரும் முறுகி, கம்பைன் உருளைகளில் கயிறாகச் சுற்றிக்கொள்ளும். 70 சதவீத விதை பழுப்பாகி, உலுக்கினால் சில உதிர்கிற நேரத்தில், விதையின் ஈரம் 15 முதல் 18 சதவீதத்தில் இறங்கிவிடுங்கள். கத்தியை முடிந்த அளவு உயர்த்தி, பூக்கொத்தை மட்டும் வாங்குங்கள். கதிரடிக்கும் உருளையின் சுழல்வேகத்தைக் குறையுங்கள். விதை ஓடு மெல்லியது, விரிசல் விட்டால் எண்ணெய் சீக்கிரம் சிக்குப் பிடிக்கும், வாங்குபவர் திருப்பி அனுப்பிவிடுவார்.

அறுத்த விதையை அன்றிரவு குதிரில் சும்மா விடக் கூடாது. ஒரு தடவை இரவு பத்து மணிக்குக் கொட்டிவிட்டு, காற்றாடியைக் காலையில் போட்டுக்கொள்ளலாம் என்று நான் வீட்டுக்குப் போனேன். விடிந்ததும் கையை உள்ளே விட்டால் சுட்டது, வாடை மாறியிருந்தது. அந்தக் குதிர் முழுவதும் உணவுத் தரத்திலிருந்து கீழே போய்விட்டது. முதல் லோடு விழும்போதே காற்று ஓட வேண்டும். ஈரத்தை 8, 9 சதவீதத்துக்குக் கொண்டுவந்து வையுங்கள். குதிரும் காற்றாடியும் தயாரில்லை என்றால் அந்த நாள் கம்பைனை வயலில் இறக்காதீர்கள்.

இப்போது நிற்கும் கருகிய பயிரில் விதைக்கு வழியில்லை. தண்டு வாங்கும் ஆலை பக்கத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் குளிர் முழுக்க அப்படியே நிற்கட்டும். வசந்தத்தில் தண்டு நொறுங்கும் பதத்துக்கு வந்த பிறகு அடித்து மண்ணில் சேருங்கள். பச்சையாக உழுதால் நார் உழவுக் கருவியிலெல்லாம் சுற்றும்.

இன்னொன்று. 20 ஏக்கருக்கு விதை வாங்கும் முன்னாலேயே வாங்குபவரோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டுவிடுங்கள். ஈரம், உடைந்த விதை, களை விதை எத்தனை சதவீதம் வரை ஏற்பார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். சான்று விதை வசந்தம் நெருங்கும்போது கிடைக்காமல் போகும், ஆகவே இந்தக் குளிர்காலத்திலேயே பதிவு செய்யுங்கள். எந்த ரகம் கிடைத்தது என்று எழுதினால், விதை எடையைப் பார்த்து ஏக்கருக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.