என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோருக்கு மேல் தனியாக ஒரு ரெப்பாசிட்டரி லேயர் தேவையா?

கேள்வி: டாட் நெட்டில் மூன்று லேயர் கொண்ட பில்லிங் அப்ளிகேஷன் எழுதுகிறோம். டேட்டாபேஸுக்கு என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர் (கோடில் உள்ள ஆப்ஜெக்ட்களை டேபிள்களோடு இணைக்கும் ஓஆர்எம் லைப்ரரி). அதை சர்வீஸ் லேயரில் நேரடியாகக் கூப்பிடலாமா, நடுவில் ரெப்பாசிட்டரி (டேட்டாவை எடுக்கும், சேமிக்கும் வேலையைத் தனியாக வைக்கும் கிளாஸ்) இன்டர்ஃபேஸ் வைத்து மறைக்க வேண்டுமா? நாளைக்கு டேட்டாபேஸை மாற்றச் சொன்னால் என்ன செய்வது என்று டீமில் ஒருவர் கேட்கிறார்.

பதில்: எல்லா டேபிளுக்கும் பொதுவாக ஒரு ரெப்பாசிட்டரி எழுதாதீர்கள். கெட்பைஐடி, கெட்ஆல், ஆட், அப்டேட், டெலிட் என்று ஐந்து மெத்தட் வைத்து, எந்த என்டிட்டிக்கும் பொருந்துகிற மாதிரி எழுதுவார்களே, அந்த ஜெனரிக் கிளாஸைத்தான் சொல்கிறேன். என்டிட்டி ஃபிரேம்வொர்க்கில் ஒரு டேபிளைக் குறிக்கும் டிபிசெட் ஏற்கெனவே ஒரு ரெப்பாசிட்டரி, டேட்டாபேஸோடு பேசும் டிபிகான்டெக்ஸ்ட் ஒரு யூனிட் ஆஃப் வொர்க் (பல மாற்றங்களைச் சேர்த்து ஒரே தடவையில் சேமிப்பது). மைக்ரோசாஃப்ட்டின் ஆவணமே டிபிகான்டெக்ஸ்டை இந்த இரண்டு பேட்டர்ன்களின் சேர்க்கை என்றுதான் சொல்கிறது. அதன் மேல் இன்னொன்றைக் கட்டினால் கையில் இருக்கிற வசதிகளை இழப்பதுதான் மிச்சம்.

உங்கள் பில்லிங்கையே எடுத்துக்கொள்வோம். பட்டியல் திரைக்குத் தேவை பில் எண், வாடிக்கையாளர் பெயர், தொகை, இந்த மூன்றுதான். லிங்க்கில் (LINQ, டாட் நெட் கோடிலேயே குவெரி எழுதும் வசதி) ஒரு செலக்ட் எழுதினால் ஜாயினோடு ஒரே குவெரியில் முடிந்துவிடும். கெட்ஆல் வழியாகப் போனால் பில் டேபிளின் எல்லா நெடுவரிசையும் (column) வருகிறது. லேசி லோடிங் (தொடர்புடைய விவரத்தைத் தொடும்போதுதான் தனிக் குவெரியில் எடுப்பது) போட்டிருந்தால், ஒவ்வொரு பில்லும் வேறு வேறு வாடிக்கையாளருடையது என்ற நிலையில், 100 பில்லுக்கு 101 குவெரி ஓடும். இதைச் சரிசெய்ய ஒருவர் இன்க்ளூடுக்கு ஒரு பாராமீட்டர் சேர்ப்பார், அடுத்தவர் ஃபில்டருக்கு ஒன்று, இன்னொருவர் ஆர்டர்பைக்கு ஒன்று. நான் பார்த்த புராஜெக்ட்களில் பெரும்பாலும் இப்படித்தான் போனது. கடைசியில் கையில் இருப்பது என்டிட்டி ஃபிரேம்வொர்க்கின் அரைகுறை நகல், அதைப் பராமரிக்கும் பொறுப்பும் உங்களுடையது.

அப்படியானால் ரெப்பாசிட்டரியிலிருந்து ஐகியூரியபிளை (IQueryable, இன்னும் ஓடாத, மேலும் கண்டிஷன் சேர்க்கக்கூடிய குவெரி) திருப்பித் தரலாமே என்று தோன்றும். தந்தால் எதையும் மறைத்ததாக ஆகாது. 2019-ல் வந்த என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர் 3.0 வெர்ஷனிலிருந்து, எஸ்கியூஎல்லாக மாற்ற முடியாத ஒரு ஃபங்ஷனை Where கண்டிஷனுக்குள் எழுதினால் ஓடும்போது எக்ஸப்ஷன் வரும். கம்பைலர் முன்கூட்டியே சொல்லாது. ஆக, எதை மொழிபெயர்க்க முடியும், எதை முடியாது என்பது சர்வீஸ் லேயரில் எழுதுபவருக்கும் தெரிந்தே ஆக வேண்டும்.

இப்போது உங்கள் டீம்மேட்டின் கேள்வி. நியாயமான கவலைதான், ஆனால் ரெப்பாசிட்டரி இன்டர்ஃபேஸ் அதைத் தீர்க்காது. எஸ்கியூஎல் எழுதும் முறையில் உள்ள வித்தியாசங்களைப் பெரும்பாலும் ஓஆர்எம்மே பார்த்துக்கொள்ளும். டேட்டாபேஸ் மாற்றும்போது சிக்கல் வருவது நடத்தையில். எஸ்கியூஎல் சர்வரின் வழக்கமான கொலேஷனில் (எழுத்துகளை ஒப்பிடும் விதிகளில்) பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது. போஸ்ட்கிரெஸ் வித்தியாசம் பார்க்கும். நேற்றுவரை கிடைத்த வாடிக்கையாளர் பெயர் இன்று தேடினால் கிடைக்காது. ஆரக்கிளில் காலி ஸ்ட்ரிங் NULL (மதிப்பே இல்லை) என்றே சேமிக்கப்படும். மெத்தட்டின் சிக்னேச்சர் ஒரு எழுத்து மாறாமல் அப்படியே இருக்கும், அது தரும் விடை மட்டும் மாறிவிடும்.

ஓஆர்எம்மையே மாற்றுவது இன்னும் கஷ்டம். பில்லை எடுத்து, ஸ்டேட்டஸை மாற்றி, சேவ்சேஞ்சஸ் கூப்பிட்டால் சேமிக்கப்படுகிறது, காரணம் சேஞ்ச் டிராக்கிங். அப்டேட் என்று யாரும் எழுதத் தேவையில்லை. அதே சர்வீஸ் கோடுக்குக் கீழே டாப்பரை (எஸ்கியூஎல்லை நாமே எழுதும் இன்னொரு எளிய லைப்ரரி) வைத்தால், அது எதையும் டிராக் செய்யாது. எர்ரரும் வராது, சேமிக்கவும் செய்யாது. இந்த மாதிரி அனுமானங்கள் சர்வீஸ் லேயர் முழுக்கப் பரவியிருக்கும். எந்த இன்டர்ஃபேஸாலும் அவற்றைத் தடுக்க முடியாது.

டெஸ்டிங்குக்காகவாவது வேண்டாமா என்பார்கள். லிஸ்டை வைத்துப் போலி ரெப்பாசிட்டரி செய்தால் யூனிக் கண்டிஷன், ஃபாரின் கீ, டிரான்ஸாக்‌ஷன் எதுவும் சோதிக்கப்படாது. என்டிட்டி ஃபிரேம்வொர்க்கின் இன்மெமரி புரொவைடரை (நினைவகத்தில் மட்டும் இயங்கும் போலி டேட்டாபேஸ்) டெஸ்டுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறது. டாக்கரில் டெஸ்ட்கன்டெய்னர்ஸ் (டெஸ்டுக்கென்று தற்காலிக டேட்டாபேஸைக் கிளப்பும் லைப்ரரி) வழியாக, நீங்கள் பயன்படுத்தும் உண்மையான டேட்டாபேஸையே கிளப்பி டெஸ்ட் எழுதுங்கள். கொஞ்சம் மெதுவாக ஓடும், ஆனால் அந்த டெஸ்ட் பாஸ் ஆனால் நம்பலாம்.

சரி, எங்கேயுமே ரெப்பாசிட்டரி வேண்டாமா? சில இடங்களில் கட்டாயம் வேண்டும். பில்லும் அதிலுள்ள லைன் ஐட்டங்களும் எப்போதும் சேர்ந்தே வர வேண்டும், சேர்ந்தே சேமிக்கப்பட வேண்டும் என்றால், அதற்கென்று பில்களுக்கு மட்டும் ஒரு ரெப்பாசிட்டரி வையுங்கள். எரிக் எவன்ஸ் 2003-ல் தன் ‘டொமைன் டிரிவன் டிசைன்’ புத்தகத்தில் ரெப்பாசிட்டரி பற்றி எழுதியதும் இப்படி ஒன்றாக இயங்கும் அக்ரிகேட்களுக்குத்தான், டேபிளுக்கு ஒன்று என்று அவர் சொல்லவில்லை. அதேபோல, கடன் வரம்பைத் தாண்டிய வாடிக்கையாளர்கள் யார் என்பது தொழில் சார்ந்த கேள்வி. அதை அந்தப் பெயரிலேயே டொமைன் லேயரில் ஒரு இன்டர்ஃபேஸாக வைக்கலாம். உள்ளே லிங்க் இருக்கட்டும், கையால் எழுதிய எஸ்கியூஎல் இருக்கட்டும், பாதி விவரம் வெளி ஏபிஐயிலிருந்துகூட வரட்டும். திருப்பித் தருவது மட்டும் முழுமையான லிஸ்டாக இருக்க வேண்டும், ஐகியூரியபிளாக இருக்கக் கூடாது.

மற்ற இடங்களில் டிபிகான்டெக்ஸ்டை நேரடியாகப் பயன்படுத்துங்கள். நிலுவை பில் போன்ற கண்டிஷன் நாலு இடத்தில் வந்தால் எக்ஸ்டென்ஷன் மெத்தடாக ஒரே இடத்தில் எழுதிவிடலாம். (ஜாவா நண்பர்களுக்கு: ஸ்பிரிங் டேட்டாவில் ரெப்பாசிட்டரி கூடவே வருகிறது, அங்கே இந்த வாதம் வேறு மாதிரி போகும்.)

டீமில் இன்னும் கருத்து ஒத்துப்போகவில்லை என்றால், நிலுவை பில் திரை ஒன்றை மட்டும் இரண்டு விதமாகவும் எழுதிப் பாருங்கள். லாக்டூ (என்டிட்டி ஃபிரேம்வொர்க் அனுப்பும் எஸ்கியூஎல்லைக் காட்டும் வசதி) போட்டு, ஓடுகிற எஸ்கியூஎல்லை இரண்டிலும் எடுத்து, அந்த நண்பரோடு உட்கார்ந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.