தங்கம் பூசிய நியோபியம் கம்பி ஏன் மீக்கடத்தி ஆகவில்லை?

கேள்வி: 50 நானோமீட்டர் தடிமனுள்ள நியோபியம் படலத்துக்கு மேலும் கீழும் தங்கம் பூசிக் குளிர்வித்தேன், திரவ ஹீலியத்தின் 4.2 கெல்வினை எட்டும் முன்பே மின்தடை போய்விட்டது. அதே தடிமனில் 50 நானோமீட்டர் அகலக் கம்பியாக்கி நாலு பக்கமும் தங்கம் பூசினால் 4.2-லும் மின்தடை இருக்கிறது. பொருள் கெட்டுவிட்டதா?

பதில்: பொருளைச் சந்தேகிப்பதற்கு முன் வடிவத்தைப் பாருங்கள். மின்தடையே இல்லாமல் மின்னோட்டம் பாயும் மீக்கடத்துதலுக்குக் காரணமான கூப்பர் ஜோடிகள் (இரண்டிரண்டாகச் சேர்ந்த எலக்ட்ரான்கள்) எல்லையைத் தாண்டித் தங்கத்துக்குள் கசிகின்றன. அதனால் தங்கம் கொஞ்சம் மீக்கடத்தியாகிறது, ஆனால் அந்தச் செலவு முழுக்க நியோபியத்தின் தலையில். வெற்றுப் பரப்பிலோ மின்காப்புப் பொருளைத் தொடும் பரப்பிலோ இந்தக் கசிவு கிடையாது. ஆகவே தடிமனோடு, எத்தனை பக்கத்திலிருந்து தங்கம் தொடுகிறது என்பதையும் எண்ண வேண்டும், பலர் தவறவிடுவது இதைத்தான்.

கணக்கிட்டே பார்க்கலாம். நியோபியத்தின் மாறுவெப்பநிலை, அதாவது மின்தடை மறையும் வெப்பநிலை, 9.2 கெல்வின், மெல்லிய படலத்தில் கோஹரன்ஸ் நீளம் (ஜோடிகளின் அடர்த்தி மாறுவதற்குத் தேவைப்படும் தூரம்) சுமார் 10 நானோமீட்டர் என்று வையுங்கள். எல்லையில் ஜோடிகளே மிஞ்சாத மோசமான நிலையை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் மட்டும் தங்கம் என்றால் மாறுவெப்பநிலை சுமார் 8.3, மேலும் கீழும் என்றால் 5.6, சதுரக் கம்பியைச் சுற்றிலும் மூடினால் 1.9 கெல்வின்! இரண்டு பக்கம் நாலானதும் இழப்பு அப்படியே இரட்டிப்பாகிறது. அதே 50 நானோமீட்டர் விட்டமுள்ள உருண்டைக் கம்பி இன்னும் மோசம், ஒரு கெல்வினுக்கும் கீழே போய்விடும். இது மீக்கடத்துதலுக்கான கின்ஸ்பர்க்-லாண்டாவ் கோட்பாட்டின்படி போட்ட கணக்கு, மாறுவெப்பநிலைக்கு வெகு கீழே தோராயம்தான், தங்கம் மெலிந்திருந்தாலோ இடையில் ஆக்சைடு இருந்தாலோ இழப்பு குறையும். ஆனாலும் நீங்கள் பார்த்த இரண்டு முடிவுகளும் இதில் அப்படியே வந்துவிடுகின்றன.

சரி, எப்படி உறுதிசெய்வது? அதே அளவுக் கம்பி ஒன்றில் மேல்பக்கம் மட்டும் தங்கம் பூசுங்கள். 8 கெல்வின் அருகே மின்தடை போனால் காரணம் வடிவம்தான், அதிலும் மாறுவெப்பநிலை 4.2-க்குக் கீழே இறங்கினால், வெட்டும்போது ஓரங்கள் கெட்டனவா என்று தேடலாம். இணைப்புக்கு மட்டும்தான் தங்கம் வேண்டுமென்றால் கம்பியின் உடலை விட்டுவிடுங்கள், முனைகளை அகலமாக்கி அங்கே பூசினால் போதும்.

காந்தப்புலத்தில் அளக்கப்போகிறீர்கள் என்றால் இன்னொன்று. புலத்துக்கு இணையான வெற்றுப் பரப்பில், மேல் மாறுநிலைப் புலத்தைப் (பொருளின் உட்பகுதியில் மீக்கடத்துதல் அழிந்துபோகும் காந்தப்புலம்) போல 1.69 மடங்கு வரை மீக்கடத்துதல் தாக்குப்பிடிக்கும் என்று 1963-ல் சேன்-ஜேம்ஸ், டி ஜென் என்ற இயற்பியலாளர்கள் காட்டினார்கள், எனக்கு மிகவும் பிடித்த முடிவு அது. அந்தப் பரப்பில் தங்கம் பூசினால் அந்தச் சலுகை பெரும்பாலும் போய்விடும். அப்புறம், கம்பி வளையும் இடத்தில் உள்மூலையைக் கூராக விடாமல் வளைத்துவிடுங்கள், மின்னோட்டம் அங்கேதான் நெருக்கியடித்துக்கொண்டு பாயும்.