அமுக்கரா கஷாயமும் அதிகாலை விழிப்பும்

கேள்வி: பாலக்கோடு அருகே ஒரு கிராமத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு வயது 56. அப்பா இறந்து ஏழு மாதம் ஆகிறது. அதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமில்லை. மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். தக்காளி பறிக்கப் போவதையும் விட்டுவிட்டார். உறவினர் சொன்னபடி, நாட்டு மருந்துக் கடையில் அமுக்கராக் கிழங்குப் பொடி வாங்கி, இரண்டு மாதமாகக் காலையும் இரவும் பாலில் காய்ச்சிக் கொடுக்கிறோம். தைராய்டுக்கு தினமும் 75 மைக்ரோகிராம் மாத்திரை போடுகிறார். மூன்று வாரமாகப் படபடப்பும் கை நடுக்கமும் இருக்கின்றன. கஷாயத்தைத் தொடரலாமா?

பதில்: கஷாயத்தை இன்றே நிறுத்திவிடுங்கள். தைராய்டு மாத்திரையை எக்காரணம் கொண்டும் நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம்.

அமுக்கரா, வடமொழியில் அசுவகந்தா எனப்படுவது, சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் நல்ல மூலிகை; அதன் தாவரவியல் பெயரிலுள்ள ‘சோம்னிஃபெரா’ என்ற சொல்லுக்கே தூக்கம் தருவது என்றுதான் பொருள். அளவிட்டுத் தயாரித்த வேர்ச்சாற்றை நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் வரை, சில வாரங்கள் கொடுத்துச் செய்த ஆய்வுகளில் தூக்கம் ஓரளவு மேம்பட்டிருக்கிறது. ஆனால் கரண்டியால் அள்ளிப் போட்டுக் காய்ச்சும் பொடியில் மருந்துச் சத்து எவ்வளவு இருக்கிறது என்பதை உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

அதைவிட, உங்கள் அம்மாவின் நிலையில் என்னைக் கவலைப்பட வைப்பது தைராய்டுதான். அமுக்கரா தைராய்டு ஹார்மோனின் அளவை உயர்த்தக்கூடியது. ஏற்கெனவே மாத்திரை போடுகிறவருக்கு அது கூடிப்போனால் படபடப்பும் நடுக்கமும் வரும், தூக்கமும் கெடும். தூக்கத்துக்காகக் குடித்ததே தூக்கத்தைப் பறிக்கிற நிலை அது. இன்னொரு பக்கம், காலையில் மாத்திரை போட்ட கையோடு பால் குடித்தால் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. ஒன்று ஏற்ற, மற்றொன்று இறக்க, முடிவு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை ஊகித்துச் சொல்வது தவறு. எனவே தைராய்டு அளவைக் காட்டும் டிஎஸ்எச், டி4 இரத்தப் பரிசோதனைகளையும், படபடப்பு இருப்பதால் ஒரு ஈசிஜியையும் இந்த வாரமே எடுத்துவிடுங்கள். ஆறு வாரம் கழித்து டிஎஸ்எச்சை மறுபடி பார்க்க வேண்டும். மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை வேறெதுவும் கொடுக்காதீர்கள். அரிதாகச் சிலருக்கு அமுக்கராவால் கல்லீரல் பாதிக்கப்படுவதும் உண்டு என்பதால், கண் மஞ்சளாதல், உடல் அரிப்பு, சிறுநீர் அடர்நிறமாதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் தாமதிக்கக் கூடாது.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கணவரை இழந்தவர் அழுவதும் சில இரவுகள் தூங்காமல் கிடப்பதும் இயல்பு. ஆனால் ஏழு மாதமாகியும் விடியலுக்கு வெகு முன்பே விழிப்பதும், நேற்றுவரை ஓடியாடிச் செய்த வேலையில் மனம் ஒட்டாமல் போவதும் மனச்சோர்வு நோயின் அடையாளங்களாக இருக்கலாம். அது கஷாயத்தால் தீரும் நோய் அல்ல. என்னிடம் வரும் இத்தகைய தாய்மார்கள் பலரும் ‘மனசு சரியில்லை’ என்று சொல்வதில்லை. ‘களி தொண்டையில் இறங்கவில்லை டாக்டர்’ என்றுதான் சொல்வார்கள். அம்மா சாப்பிடுகிறாரா, முன்பு போலப் பேசுகிறாரா என்று கவனியுங்கள். ‘நானும் அவரோடே போயிருக்கலாம்’ என்ற பேச்சு வந்தால் அதட்டி அடக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா அம்மா என்று நேராகவே கேளுங்கள். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. விவசாய வீடு என்பதால், பூச்சிமருந்து டப்பாக்கள் அவர் கைக்கெட்டாத, பூட்டிய இடத்தில் இருக்கட்டும். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் அழைத்துச் செல்லுங்கள். அவர் சாக நினைப்பதாகச் சொன்னால் தனியே விடாமல் அன்றே கூட்டிச் செல்ல வேண்டும்.

தைராய்டு சீரான பிறகும் அம்மா மூலிகையைத்தான் விரும்பினால், அரசு சித்த மருத்துவரிடம் போடும் மாத்திரைகளையெல்லாம் காட்டிவிட்டு, அவர் சொல்லும் அளவில் மட்டும் எடுக்கலாம். இப்போது மருத்துவமனைக்குப் போகும்போது, மாத்திரை அட்டையோடு மீதமிருக்கும் அந்தப் பொடிப் பொட்டலத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.