இரண்டு கோப்பையும் ஒரு கோப்பையும்

அன்புள்ள ஐயா,

சென்னை சிட்டி எஃப்சி 2019-ல் இந்தியக் கால்பந்தின் தேசிய லீகான ஐ-லீக் வென்றதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த குறிப்பைப் படித்தேன். என் மகன் கோழிக்கோட்டு அணியான கோகுலம் கேரளாவின் ரசிகன். அவன் கேட்கிறான்: கோகுலம் அடுத்தடுத்து இரண்டு முறை பட்டம் வென்றது. சென்னை சிட்டி ஒரே ஒரு முறை, அதுவும் ஸ்பெயின்காரர்களை வைத்து. இப்போது அந்த அணி ஐ-லீகிலேயே இல்லை. நாம் வீட்டில் தமிழ் பேசுகிறோம் என்பதற்காக அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டுமா? எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகர்

அன்பு நண்பருக்கு,

உங்கள் மகன் சொல்லும் கணக்கில் பிழை இல்லை. கோகுலம் 2020-21-லும் 2021-22-லும் பட்டம் வென்றது. 2007-ல் ஐ-லீக் தொடங்கியதிலிருந்து வேறு யாரும் பட்டத்தைத் தக்கவைத்ததில்லை. தேசிய லீகை வென்ற முதல் கேரள அணியும் அதுதான். இதில் யாரும் ஒன்றும் குறைத்துப் பேச முடியாது.

ஆனால் ஸ்பெயின்காரர்கள் என்ற வாதத்தை நான் ஏற்கமாட்டேன். சென்னை சிட்டிக்கு 21 கோல் அடித்தவர் பெத்ரோ மான்சி, பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்காரர். எல்லாம் சரி. கோகுலத்தின் முதல் பட்டத்தை நினைத்துப் பாருங்கள். பயிற்சியாளர் இத்தாலிக்காரர். கடைசி ஆட்டத்தில் கோல் போட்டவர்களில் ஒருவர் ஆப்கானியர், ஒருவர் கானாக்காரர். அவர்களோடு வயநாட்டு எமில் பென்னியும் இருந்தார் என்பீர்கள். சென்னை சிட்டியிலும் தமிழ்நாட்டுப் பையன்கள் எட்வின் வான்ஸ்பால், ரோமாரியோ ஜேசுராஜ், அஜித் குமார் எல்லோரும் இருந்தார்கள். அந்தப் பட்டத்துக்குப் பிறகு மூவரையும் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்) அணிகள் கொத்திக்கொண்டு போயின. அதற்கு முந்தைய பருவத்திலேயே தூத்தூர் கடற்கரைப் பக்கத்துப் பையன் மைக்கேல் சூசைராஜை ஜாம்ஷெட்பூர் கூட்டிப்போய்விட்டது. அவர் ஆடிய 2017-18-ல் சென்னை சிட்டிக்குப் பத்து அணிகளில் எட்டாவது இடம், அவர் போன மறுவருடம் கோப்பை. கால்பந்தில் இப்படியும் நடக்கும்.

என் குறிப்பில் நான் சொல்ல வந்தது வேறு. கோப்பைகளை எண்ணுவது ஒரு கணக்கு. அது எந்த மைதானத்தில், யார் கண்முன் வெல்லப்பட்டது என்பது இன்னொரு கணக்கு.

2019 மார்ச் 9, பருவத்தின் கடைசி நாள். சென்னை சிட்டியின் சொந்த மைதானமான கோவை நேரு ஸ்டேடியம். நம் பக்கத்திலிருந்து வாளையார் தாண்டிப் போனவர்கள் கொஞ்சப் பேர் இல்லை, நானும் போயிருந்தேன். கேலரிக்கும் ஆடுகளத்துக்கும் நடுவில் ஓட்டப்பந்தயத் தடம் இருப்பதால் ஆட்டக்காரர்கள் தூரத்தில்தான் தெரிவார்கள். சின்ன மைதானத்தில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் பார்த்துப் பழகிய நமக்கு அது ஒரு குறைதான். சென்னை சிட்டிக்கு 40 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 39. அதே நேரத்தில் ஈஸ்ட் பெங்கால் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்தது. யாரோடு? கோகுலத்தோடுதான்! இதை உங்கள் மகனிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

மூன்றாவது நிமிடத்திலேயே எதிரணி மினர்வா பஞ்சாப் கோல் போட்டுவிட்டது. இடைவேளை வரை 0-1. பிறகு மான்சி பெனால்டியில் சமன் செய்தார். ஆனால் சமன் போதாது. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் கோப்பை கொல்கத்தாவுக்கு. கையில் போன் இருந்தவரெல்லாம் ஒரு கண்ணைக் கோழிக்கோட்டில் வைத்திருந்தார்கள். கோகுலம் முதலில் கோல் போட்டதும் எங்கள் வரிசையில் எழுந்த சத்தம், உள்ளே ஆடிய அணிக்காக எழுந்த சத்தத்துக்குக் குறைந்ததில்லை. பிறகு ஈஸ்ட் பெங்கால் இரண்டு கோல் போட்டு ஜெயித்தேவிட்டது. இங்கே கௌரவ் போரா போட்ட இரண்டு கோலில் ஆட்டம் 3-1. 43-க்கு 42, ஒரே ஒரு புள்ளி. இருபது ஆட்டம் ஆடி ஒரு புள்ளியில் ஜெயித்ததை அதிர்ஷ்டம் என்று சொல்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை.

கோகுலம் எங்கே ஜெயித்தது? 2021-ல் கொரோனாவால் எல்லா ஆட்டமும் வங்காளத்தில்தான். கடைசி நாள் தொடங்கும்போது கோவாவின் சர்ச்சில், மணிப்பூரின் டிராவ், கோகுலம் மூன்றுக்கும் 26 புள்ளி. டிராவுக்கு எதிராகக் கோகுலத்துக்காரர்களும் இடைவேளையில் 0-1 பின்தங்கியிருந்தார்கள். பிறகு ஏழே நிமிடத்தில் மூன்று கோல், கடைசியில் 4-1. சர்ச்சிலும் ஜெயித்து 29-ல் சமமாக நின்றது. நேருக்கு நேர் ஆடிய ஆட்டங்களின் கணக்கில் கோகுலத்துக்குக் கோப்பை. சென்னை சிட்டியின் ஆட்டத்தைவிட அது நல்ல ஆட்டம் என்றே சொல்வேன். ஆனால் பார்க்க ஒரு ரசிகன் இல்லை. மறு ஆண்டு கொல்கத்தா சால்ட் லேக் கேலரி நிறைய ஆள், அத்தனையும் எதிரணியான முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்கள். அவர்கள் முன்னால் 2-1 ஜெயித்துக் கோப்பையைத் தூக்கினார்கள். மலபார்க்காரர்கள் டிவியில் பார்த்தார்கள்.

சென்னை சிட்டியின் பின்கதை சுருக்கமானது, வருத்தமானது. ஐ-லீக் வென்றவருக்கு ஆசிய சாம்பியன்ஸ் லீகில் இடம் கிடைத்த கடைசி ஆண்டு அது. அந்தத் தகுதிச் சுற்றைச் சொந்த மைதானத்தில் ஆட முடியாமல் அகமதாபாத்தில் ஆடி, பஹ்ரைனின் ரிஃபாவிடம் 0-1 என்று தோற்றார்கள். 2020-21-க்குப் பிறகு ஐ-லீகில் அவர்கள் ஆடவில்லை. பட்டம் வென்ற இரண்டே வருடத்தில் ஓர் அணி இல்லாமல் போவதற்கு ரசிகர்கள் காரணமில்லை என்பது மட்டும் எனக்கு உறுதி. அந்த மார்ச் மாதக் கூட்டத்தை நான் பார்த்தேனே.

ஆகவே மொழியை வைத்து நான் சென்னை சிட்டியைத் தூக்கிப் பிடிக்கவில்லை. பாலக்காட்டுக்காரனுக்குக் கோவையும் கோழிக்கோடும் இரண்டும் நம் ஊர்தான், இரண்டு அணிக்கும் கத்தலாம். சொந்த ரசிகர்கள் முன்னால் கோப்பையைத் தூக்கும் கடன் ஒன்று கோகுலத்துக்குப் பாக்கி இருக்கிறது, அவ்வளவுதான். 2025 ஏப்ரலில் அது தீர்ந்திருக்க வேண்டியது. கடைசி நாள் கோழிக்கோட்டில், சொந்த மைதானத்தில், பட்ட வாய்ப்போடு இறங்கியவர்கள் கோவாவின் டெம்போவிடம் 3-4 என்று தோற்றார்கள். சொந்த மைதானத்தில் மூன்று கோல் போட்டும் தோற்றால் தடுப்பாட்டக்காரர்களைத்தான் கேட்க வேண்டும். உங்கள் மகன் அன்று அங்கே போயிருந்தாரா? போயிருந்தால் அந்த நாலாவது கோல் எப்படி விழுந்தது என்று அவரையே எழுதச் சொல்லுங்கள்.