பழைய லாரி என்ஜின்: வேலை பார்ப்பதா, மாற்றுவதா?

கேள்வி: எங்கள் ஆறு சிலிண்டர் டீசல் லாரி நீலப் புகை கக்குகிறது. மேட்டில் இழுவை இல்லை, ஆயிலும் குடிக்கிறது. ஒரு மெக்கானிக் ஃபுல் என்ஜின் வேலை (முழுதாகப் பிரித்துத் தேய்ந்ததை மாற்றுவது) பார்க்கலாம் என்கிறார். இன்னொருவர் இதை இறக்கிவிட்டுப் புது மாடல் என்ஜினை ஏற்றச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: அளந்து பார்க்காமல் சொன்னவர் யாராக இருந்தாலும் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். என்ஜினைப் பிரிக்காமலே தெரிந்துகொள்ளக்கூடியது நிறைய இருக்கிறது.

டர்போ வண்டி என்றால் முதலில் டர்போவிலிருந்து காற்று வெளியேறும் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஆயில் தேங்கி நின்றால் நீலப் புகைக்கு டர்போ சீலே காரணமாக இருக்கலாம். பிறகு வண்டியை நன்றாகச் சூடேற்றி, ஐட்லிங்கில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, திருகாமல் வாய்மேல் கவிழ்த்து வையுங்கள். லேசாக ஆடினால் கவலை இல்லை. துள்ளிக் கீழே விழுந்தால் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் காற்று, கீழே ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் இறங்குகிறது.

அடுத்தது கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு. ஆறு சிலிண்டரும் ஒரே சீராகக் குறைந்திருந்தால் அது மொத்தத் தேய்மானம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 15 சதவீதத்துக்கு மேல் தாழ்ந்திருந்தால் வால்வு, ஹெட் கேஸ்கெட், உடைந்த ரிங் இவற்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். அந்த ஒரு சிலிண்டருக்காக என்ஜினையே மாற்றுவது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. கடைசியாக ஆயில் பிரஷர். டேஷ்போர்டு மீட்டரை நம்பாமல் தனி கேஜ் மாட்டி, என்ஜின் சூடாக இருக்கும்போது பாருங்கள். பெரும்பாலான லாரி என்ஜின்களில் ஐட்லிங்கில் 1 பார், ஓடும் வேகத்தில் 3 பாராவது நிற்க வேண்டும். பம்ப்பும் ரிலீஃப் வால்வும் சரியாக இருந்தும் பிரஷர் நிற்கவில்லை என்றால் பேரிங்குகள் தேய்ந்துவிட்டன.

பிரித்த பிறகு இரண்டு பொருள்கள்தான் முடிவைச் சொல்லும்: பிளாக் (சிலிண்டர்கள் அடங்கிய உடல்), கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு). பிஸ்டன், ரிங், லைனர் (சிலிண்டரின் உள்குழாய்), வால்வு எல்லாம் எப்படியும் மாற்றக்கூடியவை. கிராங்க்கில் பேரிங் பிடிக்கும் ஜர்னலை மைக்ரோமீட்டரில் அளந்து, 0.25, 0.50, 0.75 மி.மீ. என்று அரைத்து மெலிந்த கிராங்க்குக்காக அந்த மாடலுக்குக் கிடைக்கும் அண்டர்சைஸ் பேரிங்குகளில் எதற்குள் அடங்கும் என்று பாருங்கள். கடைசி சைஸையும் தாண்டியிருந்தாலோ, காந்தச் சோதனையில் விரிசல் தெரிந்தாலோ அந்தக் கிராங்க் முடிந்தது. நைட்ரைடிங் (மேற்பரப்பைக் கடினப்படுத்துவது) செய்த கிராங்க் என்றால், அரைத்தபின் மறுபடி கடினப்படுத்த வேண்டியிருக்கும். லேத்காரர் இதைக் கேட்கவே இல்லை என்றால் வேறு லேத் பாருங்கள்.

லைனரைத் தண்ணீர் நேராகத் தொடும் வெட் லைனர் என்ஜினில் லைனரை உருவி, வெளிப்புறத்தைப் பாருங்கள். ஊசியால் குத்தியதுபோல் குழிகள் இருந்தால், லைனர் அதிர்வில் தண்ணீரில் குமிழி உண்டாகி உடைந்து இரும்பை அரித்திருக்கிறது. வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டிகளில் இது அதிகம். லைனரை மாற்றிவிடலாம், ஆனால் அது உட்காரும் படிக்கட்டும் கீழே ஓ-ரிங் பிடிக்கும் இடமும் அரித்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. புது லைனர் பிளாக் மேற்பரப்புக்கு மேலே எவ்வளவு துருத்த வேண்டும் என்பது சர்வீஸ் மேனுவலில் இருக்கும். பக்கத்துப் பக்கத்து லைனர்களுக்குள் வித்தியாசம் 0.05 மி.மீ.க்கு மேல் போனால் ஹெட் கேஸ்கெட் சீக்கிரம் ஊதும். படிக்கட்டைச் சரிசெய்ய முடியாவிட்டாலோ, மெயின் பேரிங் வரிசை கோணியிருந்தாலோ, பிளாக்கில் விரிசல் இருந்தாலோ என்ஜினை மாற்றுங்கள். அப்போதும் முதல் தேர்வு அதே மாடல் என்ஜின், அல்லது அதே குடும்பத்தில் சற்றுப் பிந்திய மெக்கானிக்கல் பம்ப் என்ஜின்.

கேள்வி: ரிங் மட்டும் மாற்றினால் போதாதா?

பதில்: லைனரின் மேல் விளிம்புக்குக் கீழே தேய்மானத்தால் உண்டான படி நகத்துக்குத் தட்டுப்பட்டால் போதாது. புது ரிங் அந்தப் படியில் மோதி உடையும்.

கேள்வி: புது மாடல் காமன் ரெயில் என்ஜின் (டீசல் பீச்சுவதைக் கணினி கட்டுப்படுத்துவது) ஒன்று கிடைக்கிறது. பழைய கியர்பாக்ஸோடு பொருத்தலாமா?

பதில்: பொருத்தலாம். ஆனால் செலவு என்ஜினில் இருக்காது, அதைச் சுற்றி இருக்கும். என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங்கில் தொடங்குங்கள். எஸ்.ஏ.இ. என்ற பொது அளவு முறையில் 1-ஆம் எண்ணின் உள்விட்டம் 511.175 மி.மீ., 2-ஆம் எண் 447.675, 3-ஆம் எண் 409.575. எண் ஒத்துப்போனால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதி: ஃப்ளைவீலின் ஆழம், கிளட்ச் பிளேட்டின் பல், பைலட் பேரிங் அளவு, ஸ்டார்ட்டர் எந்தப் பக்கம் என்பது. அடாப்டர் தட்டு செய்தால் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பாருங்கள், ஹவுசிங்கின் மையம் மொத்தம் 0.20 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். மீறினால் இன்புட் ஷாஃப்ட் பேரிங் சத்தம் போடும், கியர் தானாகக் கழலும்.

புது என்ஜின் குறைந்த ஆர்.பி.எம்.மிலேயே முழு டார்க்கை (சுழற்றும் விசையை) கொடுக்கும். கியர்பாக்ஸும் டிஃபரென்ஷியலும் அதைத் தாங்கும் அளவு உள்ளவையா என்று அவற்றின் தகட்டைப் பாருங்கள். குதிரைத்திறனை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள்தான் அதிகம், பல்லை உடைப்பது டார்க்.

அடுத்து டீசல். பழைய பம்ப்பில் நாசில் திறப்பது 200 பார் அளவில், காமன் ரெயிலில் 1,400 பாரும் அதற்கு மேலும் போகும். பழைய டேங்கின் துருவும் தண்ணீரும் அதன் இன்ஜெக்டரைக் கொன்றுவிடும். டேங்கைக் கழுவி, தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரும் அந்த என்ஜினுக்குரிய நுண்ஃபில்டரும் போட்டாக வேண்டும். என்ஜினோடு ஈ.சி.யூ. (என்ஜினின் கணினி), முழு வயரிங், ஆக்சிலரேட்டர் பெடல் சென்சார், சாவி பூட்டு யூனிட் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். 'அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று விற்பவர் சொன்னால் வாங்காதீர்கள். புகைவடிகட்டி, யூரியா அமைப்பு உள்ள என்ஜின் என்றால் அவற்றுக்கும் சேஸிஸில் இடம் வேண்டும். இல்லாவிட்டால் ஈ.சி.யூ. இழுவையைக் குறைத்துவிடும்.

ரேடியேட்டரைப் பலர் மறக்கிறார்கள். வெளிப்புகையைத் திரும்ப உள்ளே அனுப்பும் என்ஜின்கள் தண்ணீருக்குக் கொடுக்கும் சூடு அதிகம். டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரை வைக்க வண்டியின் முன்னால் இடம் இருக்கிறதா, பிரேக்குக்கான ஏர் கம்ப்ரெசர் இருக்கிறதா, பேட்டரி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதையும் வாங்கும் முன்பே பாருங்கள்.

கேள்வி: என்ஜின் வேலை பார்த்து 3,000 கி.மீ. ஓடிவிட்டது. இன்னும் ஆயில் குடிக்கிறது. ஏன்?

பதில்: புது என்ஜின் என்று சும்மா ஐட்லிங்கில் மணிக்கணக்கில் ஓடவிட்டீர்களா? ரிங் லைனரோடு ஒட்டிப் பழக மிதமான லோடு வேண்டும். லோடு இல்லாமல் ஓடினால், லைனரில் ஆயில் தங்கக் கீறிய ஹோனிங் கோடுகளின்மேல் ஆயில் வார்னிஷ்போல் படிந்து, லைனர் கண்ணாடியாகிவிடும். அப்படி ஆகியிருந்தால் மறுபடி ஹோனிங் செய்து புது ரிங் போடுவதுதான் வழி. காற்று ஃபில்டருக்கும் என்ஜினுக்கும் இடையே ஹோஸ் கிழிந்து தூசி போனாலும், வால்வு கைடை மாற்றாமல் விட்டாலும், ரிங்கில் 'டாப்' என்று எழுதிய பக்கம் கீழே போனாலும் இதே நிலைதான்.

பழைய என்ஜினில் பேரிங் தூள் ஆகியிருந்ததென்றால் இன்னொன்றையும் கேளுங்கள்: ஆயில் கூலரை மாற்றினார்களா? அதற்குள் சிக்கிய உலோகத் தூளை முழுதாகக் கழுவி எடுக்க முடியாது. பிளாக்கில் ஆயில் ஓடும் கேலரிகளின் பிளக்குகளைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் விட்டாலும் அந்தத் தூள் நேராகப் புதுப் பேரிங்குக்குத்தான் போகும்.

கேள்வி: என்ஜினை மாற்றினால் பதிவில் சொல்ல வேண்டுமா?

பதில்: பதிவுச் சான்றில் என்ஜின் எண் இருந்தால் கட்டாயம். வாங்குவதற்கு முன்பே பதிவு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். விற்பவரிடம் ரசீதும் என்ஜின் எண் தெளிவாகத் தெரியும் படமும் வாங்கி வையுங்கள். எண் அரைக்கப்பட்ட பிளாக் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.