அழகரின் பச்சைப்பட்டு அச்சில் ஏன் மங்கியது?

வணக்கம். அழகர் வைகையில் இறங்கும் படத்தைக் காலண்டரில் அச்சிட்டபோது பச்சைப்பட்டு பாசி நிறமாகிவிட்டது என்று வருந்தியிருந்தீர்கள். அச்சகத்தார் மீது கோபம் வேண்டாம். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு இயந்திரத்துக்குச் சயான் (இளநீலம்), மஜெந்தா (கருஞ்சிவப்பு), மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகள்தான். திரையில் ஒளிரும் அந்தப் பச்சையை இவற்றால் எட்டவே முடியாது. அடுத்த முறை அச்சகத்தில் கலர் புரொஃபைல் (அவர்கள் இயந்திரம் நிறங்களை எப்படிக் காட்டும் என்று சொல்லும் கோப்பு) கேட்டு வாங்கி, நீங்களே படத்தைச் சிஎம்ஒய்கேவுக்கு, அதாவது இந்த நான்கு மை முறைக்கு, மாற்றிப் பாருங்கள். பட்டில் மஜெந்தாவைச் சிறிது குறைத்தாலே பச்சை தெளியும். கறுப்பு மை பட்டின் மடிப்புகளில் மட்டும் தங்கட்டும்.

அழகரின் முகம் கட்டம் கட்டமாகத் தெரிவதற்குக் காரணம் வேறு. வாட்ஸ்அப்பில் வந்த படம் என்கிறீர்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் (படத்தின் நிறப்புள்ளிகள்) என்று கணக்கிட்டால், 1600 பிக்சல் அகலப் படம் சுமார் ஐந்தேகால் அங்குலத்துக்குத்தான் தாங்கும். உங்கள் காலண்டரோ 12 அங்குலம்! படமெடுத்தவரிடம் மூலக் கோப்பைப் பென்டிரைவில் வாங்கிவிடுங்கள்.

ஓரங்களில் 3 மி.மீ. பிளீட் (வெட்டும் கோட்டைத் தாண்டி நீளும் படப்பகுதி) விடுங்கள். தேதி எழுத்துகளுக்குக் கறுப்பு மை மட்டும் போதும். மொத்தமாக ஓட்டுவதற்கு முன் ஒரு புரூஃப் (மாதிரி அச்சு) கட்டாயம் கேளுங்கள். அதைக் கடையின் குழல்விளக்கடியில் பார்க்காமல், வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.