பனிக்கரடி கிட்ட வரவில்லை என்று வழக்குப் போடலாமா?

கேள்வி: கோவையில் ஜவுளி வியாபாரம் செய்கிறேன். வனவிலங்குகளைப் படமெடுப்பதில் ஆர்வம். 2025 ஜூனில், சென்னை டூர் அமைப்பாளர் ஒருவரிடம் 8.40 லட்சம் கட்டி நார்வேயின் ஸ்வால்பார்டுக்குப் போனேன். 12 பேர் செல்லும் சிறிய கப்பல் என்றார். நூறு பேருக்கு மேல் இருந்த கப்பலில் ஏற்றினார். பனிக்கரடி புள்ளியாகத்தான் தெரிந்தது. வழிகாட்டி எரிந்து விழுந்தார், சாப்பாடும் மோசம். எனக்கு வரவிருந்த காலண்டர் ஆர்டரும் போயிற்று. இப்போது 2 லட்சம் தருகிறேன் என்கிறார். 15 லட்சம் கேட்டு நோட்டீஸ் விடலாமா?

பதில்: கரடியை விட்டுவிடுங்கள். 2025 ஜனவரி 1 முதல் அங்கே கரடியிடமிருந்து 300 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர். அவ்வளவு தூரத்தில் 600 எம்.எம். லென்ஸிலேயே சுமார் 30 மீட்டர் அகலம் படத்துக்குள் வந்துவிடும், கரடி புள்ளியாகத்தான் தெரியும். சட்டத்தை மதித்த கப்பலுக்கு எதிராக யாரும் இழப்பீடு தரமாட்டார்கள். வழிகாட்டி, சாப்பாடு பற்றியும் ஒரு வரிகூட வேண்டாம்.

உங்கள் வழக்கு கப்பலில்தான் இருக்கிறது. தாழ்ந்த தளத்தில் நின்று, விலங்கின் கண்மட்டத்தில் படமெடுக்கத்தானே சிறிய கப்பலுக்கு அந்த விலை? '12 பேர்' என்பது எழுத்தில் இருந்தால் அது சேவைக் குறைபாடு. "இணையான கப்பல் தரப்படலாம்" என்ற விதியைக் காட்டுவார். காட்டட்டும், 12-க்கு 100 இணையாகாது.

என் கவலையெல்லாம் அந்தக் காலண்டர் ஆர்டர்தான். தொகையைக் கூட்டிக் காட்ட "விற்பனை போச்சு, கண்காட்சி போச்சு" என்று எழுதி, ஜெயிக்க வேண்டிய வழக்கைத் தாங்களே கெடுத்துக்கொண்ட கட்சிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(7)படி, வணிக நோக்கத்துக்காகச் சேவை பெற்றவர் நுகர்வோரே அல்ல. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு விலக்கு உண்டு. ஆனால் உங்கள் பிழைப்பு ஜவுளி. எதிர்த்தரப்பு வக்கீல் உங்கள் நோட்டீஸையே எடுத்து நீட்டுவார். இன்ஸ்டாகிராமில் 'பிரிண்ட் விற்பனைக்கு' என்று போட்டிருந்தால் அதையும் சேர்த்து நீட்டுவார். அப்புறம் நுகர்வோர் ஆணையம் உங்கள் வழக்கை எடுக்காது, சிவில் கோர்ட்தான். 15 லட்சத்துக்கு கோர்ட் ஃபீஸ் கட்டி, வருஷக்கணக்கில் அலைய வேண்டும். ஆர்டர் போனதைப் பற்றி அவருக்கு ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் ஏதாவது எழுதியிருந்தால், நோட்டீஸுக்கு முன் அதை உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள். அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். கப்பல் பற்றிய பேச்சும் அதே போனில்தான் இருக்கும். போன் பதிவுகளைச் சாட்சியமாகக் காட்ட 2023 சாட்சிய சட்டத்தின் பிரிவு 63 கேட்கும் சான்றிதழ் இல்லாமல் வெறும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் போகாதீர்கள்.

வெளிப்படையாகச் சொல்கிறேன், சமாதானமாகப் போங்கள். கப்பல் மாறியதற்கு மட்டும் 3 லட்சம் கேளுங்கள், இரண்டரைக்கு வந்தால் முடித்துவிடுங்கள். அடுத்த டூரில் கழித்துக்கொள்ளும் வவுச்சர் வேண்டாம். "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்ற கடிதத்தில் கையெழுத்துப் போடுவது, பணம் உங்கள் கணக்கில் ஏறிய பிறகுதான்.